முதல் மூன்று லட்சம்

செய்தி வந்தபோது மணி காலை பத்து இருபது. திருவள்ளூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே, தேர்வுக் கட்டணம் கட்ட வந்த பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். அண்ணி சந்திரகலா கைப்பேசியில் அழைத்தார். அழவில்லை. "உங்க அண்ணன் பூட்டாரும்மா" என்றார். பிறகு, "ஆம்புலன்ஸ்காரன் இப்பதான் வந்து நிக்கறான். ஏத்தாட்டியும் பாதித் துட்டு குடுக்கணுமாம். குடுத்து அனுப்பிடட்டா?" என்று கேட்டார். அனுப்பிவிடச் சொன்னேன்.

என் அண்ணன் குணாளனுக்கு நாற்பத்தாறு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கட்டடக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டினார். மருத்துவமனையில் இன்னும் பத்து நாளாவது இருக்க வேண்டியவர். ஐந்து நாளைக்கு முன்னால் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். குடிகாரர் இல்லை. கஞ்சர் இல்லை. மருத்துவருக்குப் பயந்தவரும் இல்லை. பிறகு ஏன் வந்தார் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு கிடைத்த குடும்பம் பிடித்ததில் ஒரு பங்கை ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் சேர்ந்த பணத்துக்கு இருக்கிற பெரிய வேலை ஆஸ்பத்திரி. யாராவது படுத்துவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் பணத்தோடு போய்க் கட்டில் பக்கத்தில் நிற்பார்கள். முதலில் ஊர் கொடுக்கும். அதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு தீர்ந்த பிறகுதான் வீட்டுக்காரன் தன் பெட்டியைத் திறக்க வேண்டும். ஊர் வந்து சேர்வதற்குள் வீட்டுக்காரன் அவசரப்பட்டுக் கட்டிவிட்டால் அது ஊருக்குச் செய்த அவமரியாதை. எங்கள் குப்பத்தில் யாரும் இதை யாருக்கும் விளக்கியதில்லை. பசித்தால் சாப்பிடுவது போல அது எல்லோருக்கும் தெரியும்.

அப்பா நாகமுத்துவின் கணுக்காலில் ஒருமுறை திருக்கை வால் ஏறியது. கால் பனங்கட்டை மாதிரி வீங்கி, பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்போது ஊரின் வரம்பு இரண்டாயிரம் ரூபாய். ஆறாம் நாள் அது தீர்ந்தது. அப்பா அன்றைக்கே எழுந்து நொண்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். கால் தானாக ஆறியது. அதற்குப் பிறகு இருபது வருடம் வலை இழுத்தார். அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது. அப்பாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பொன்னேரி பஸ் நிலையத்தில் கூடவே நடந்தவர் அவர்தான்.

குப்பத்திலிருந்து ஆலைக்குப் போன முதல் ஆட்களில் அண்ணனும் ஒருவர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு உதவியாளாகச் சேர்ந்தார். சூடான கம்பி தெறித்து இரண்டு முன்கைகளிலும் தழும்பு. பிறகு கிரேனுக்கு ஏறினார். முப்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, கீழே இருப்பவன் கையை அசைக்கிறபடி பழுத்த இரும்பைத் தூக்கி வைக்க வேண்டும். கூண்டுக்குள் போவதற்கு முன்னால் சிறுநீர் கழித்துவிட்டுத்தான் ஏற வேண்டும், அதுதான் இந்த வேலைக்கு முதல் படிப்பு என்று சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் ஐஸ் மீனை ஏரி மீன் என்று விற்பவர்களிடம் போய் நிற்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு, "இது செத்து நாலு நாளாச்சு, சொந்தக்காரங்களுக்கு எழவு சொல்லி அனுப்பினியா?" என்பார். மீன்காரப் பெண்களும் அவரைத் திட்டிக்கொண்டே நல்ல மீனை எடுத்து வைப்பார்கள்.

ஆலைக்குப் போய்க் கும்மிடிப்பூண்டியில் வாடகைக்குக் குடியிருந்தபோதும் ஊரில் தன் தலைக்கட்டை விடவில்லை. வலை கட்டாதவர் என்பதால் மீன் பங்குக்குப் பதில் மாதாமாதம் பணம் அனுப்பிவிடுவார். பிள்ளைகள் இல்லை. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் அண்ணி பெயரில் ஒரு மனை வாங்கியிருந்தார்கள். வீடு கட்டுவதற்கென்று நாலு லட்சத்து முப்பதாயிரம் வங்கியில் சேர்ந்திருந்தது.

பத்தொன்பது வருடம் அவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தது. மாதச் சம்பளம் இருபத்தோராயிரத்துக்குள் இருக்கிற தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் அது இலவச மருத்துவம். நாலு வருடத்துக்கு முன்னால் ஆலை அவருக்கு எண்ணூறு ரூபாய் சம்பளம் ஏற்றியது. மொத்தம் இருபத்தோராயிரத்து அறுநூறு. இ.எஸ்.ஐ. போயிற்று. அதற்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஆலை எடுத்துத் தரும் குழுக் காப்பீடு இவருக்கு வராது, ஏனென்றால் இவர் பெயர் ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருந்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுக்கு வருமானம் அதிகம். எண்ணூறு ரூபாயைக் கொடுத்து ஒரு மனிதனை மூன்று கூரைகளிலிருந்தும் வெளியே தள்ளிவிட்டு, அதற்குக் கேண்டீனில் லட்டும் கொடுத்தார்கள். அண்ணன் அந்த லட்டை வீட்டுக்கு எடுத்து வந்து அண்ணியிடம் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வருடம் ஸ்டீவன் வந்தான். ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்த்துக்கொண்டிருந்தவன். கூடவே மருத்துவக் காப்பீடு விற்கவும் தொடங்கியிருந்தான். ஆலை வாசல் டீக்கடையில் அண்ணனைப் பிடித்தவன், கையெழுத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தான். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சமையலறையில் அண்ணியோடு இறால் உரித்துக்கொண்டிருந்தேன்.

முழுக் காப்பீடு இரண்டு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு இருபத்திரண்டாயிரம் ஆகும் என்றான். அண்ணனின் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, உடனே இன்னொன்றை எடுத்தான். வருடத்துக்கு நாலாயிரத்து இருநூறுதான், இருபது லட்சம் கவர், மூணு லட்சம் டிடக்டிபிள் என்றான். பிஸ்கட் பாக்கெட்டின் அட்டையைக் கிழித்து, அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி படம் போட்டான். கீழே ஒரு கோடு, மூன்று. மேலே ஒரு கோடு, இருபது. மூன்று என்ற கோட்டைப் பேனாவால் இரண்டு முறை அழுத்தினான். அவன் சொன்ன ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்த மூன்று லட்சம் யாருடைய கையிலிருந்து போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. விற்கிறவனுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம்.

அந்தப் படத்துக்கு உண்மையான பொருள் இதுதான். ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் மூன்று லட்சம் ரூபாய் நோயாளியின் பாடு. அதுவரை கம்பெனி ஒரு பைசா தராது. பில் மூன்று லட்சத்தைத் தாண்டிய நிமிடத்திலிருந்து இருபது லட்சம் வரைக்கும் கம்பெனியின் பாடு. பிரீமியம் ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கு இதுதான் காரணம். சின்னச் செலவுகள் எல்லாவற்றையும் அவர்கள் நம் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

அண்ணன் அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டார். முதலில் கொடுப்பது வெளியில் இருப்பவன், மீதியைக் கொடுப்பது வீட்டுக்காரன். அவருக்குத் தெரிந்த உலகத்தில் வேறு வரிசையே கிடையாது. வரம்பு என்றால் ஊரின் வரம்பு. அப்படியென்றால் அந்த இருபது? இன்சூரன்ஸ் என்று எங்கள் குப்பம் அறிந்தது ஒன்றே ஒன்றுதான். தண்ணீரில் போனவன் வீட்டுக்கு மொத்தமாக ஒரு தொகை வரும். ஆகவே இருபது லட்சம், செத்தால் வருவது.

அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தா சந்திரா, உயிரோட இருந்தா மூணு லட்சம், செத்தா இருவது லட்சம். உனுக்கு எது வோணும் சொல்லிடு, இப்பவே எழுதிக்குடுத்துடறேன்."

"மொதல்ல இந்தக் குப்பையக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வா, அப்புறம் சொல்றேன்" என்றார் அண்ணி.

நான் சிரித்தேன். ஸ்டீவனும் சிரித்தான். அவன் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் பாலிசி ஆவணத்தை வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பினார். இருபத்தெட்டுப் பக்கம், பொடி எழுத்தில் ஆங்கிலம். முகப்பில் ஓர் அப்பா கடற்கரையில் பிள்ளையைத் தூக்கி எறிந்து பிடிக்கிறார். நான் பி.காம். படித்தவள். முதல் இரண்டு பக்கத்தில் அண்ணன் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்பினேன். இரண்டு முறை அந்தப் பாலிசியை அவர் புதுப்பித்தார். காப்பீட்டு அட்டையை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருந்தார்.

இந்த வருடம் மார்ச்சில் ஒருநாள் இரவுப் பணி முடிந்து கிரேனிலிருந்து இறங்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். உடன் வேலை செய்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி, செங்குன்றத்துக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பித்தப்பைக் கல் ஒன்று நகர்ந்து குழாயை அடைத்ததில் கணையம் வீங்கிவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள்.

காப்பீட்டு மேசையில் இருந்த பெண்ணின் பெயர் ஸ்ரீவாணி, சட்டையில் குத்தியிருந்தது. இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அட்டையைக் கணினியில் பார்த்துவிட்டு, இது டாப்-அப் பாலிசி, இப்போதைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னாள். அண்ணி அதைப் போய் அண்ணனிடம் சொன்னார். முதலில் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்து வாங்கிக்கொள்வது ஆலையில் பலருக்கு நடந்திருக்கிறது. அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். வங்கியிலிருந்த பணத்தை உடைத்துக் கட்டினார்கள். இன்னொரு நாள் அண்ணி வரம்பைப் பற்றிக் கேட்டபோது அந்தப் பெண், "லிமிட் தாண்டறப்ப வாங்கக்கா, அப்பப் பேசிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அவளுடைய சம்பளம் நிச்சயமாக இருபத்தோராயிரத்துக்குள்தான் இருக்கும். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 'தாண்டினால் உங்களுக்கு நல்லது' என்ற மூன்று சொல்லைச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லாதபடி ஒரு மேசையைப் போட்டு, அதற்கு உதவி மையம் என்று பலகை மாட்டியவர்களை நினைத்தால்தான் காறித் துப்பத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் குப்பத்திலிருந்து பெரியவர்கள் கலியனும் இன்னொருவரும் வந்தார்கள். இப்போது ஊரின் வரம்பு பதினைந்தாயிரம். அதை மஞ்சள் தடவிய உறையில் கொண்டுவந்திருந்தார்கள். அண்ணன் வாங்கவில்லை. கம்பெனி மூணு லட்சம் கொடுக்கிறது, இந்தத் துட்டு வேறு யாருக்காவது ஆகட்டும் என்று சொல்லி உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவரின் முகத்தில் அப்போது அப்படி ஒரு பெருமிதம் இருந்தது என்று அண்ணி சொன்னார். கலியன் அந்த உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினாராம்.

நான் ஆறாம் நாள் போனேன். குழாயை எடுத்திருந்தார்கள். கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் பேச்சு பழைய பேச்சுதான். தினமும் சாயங்காலம் அன்றைய பில்லை அச்சடித்துக் கொண்டுவரச் சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். இரண்டாவது ஸ்கேன் எதற்கு என்று நர்ஸிடம் கேட்டுத் தள்ளிப்போட வைத்திருந்தார். எங்கே வரைக்கும் ஏறியிருக்கிறது என்று எனக்கு விரலால் காட்டினார். ஏரியில் தண்ணீர் மட்டம் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. நான், கம்பெனி கொடுக்கும்தானே, ஏன் கவலைப்படுகிறீர்கள் என்றேன்.

"மூணு வரிக்கும் அவன் குடுப்பான்மா. அதுக்கு மேல போச்சின்னா நம்ம தலையில. அதான் பாத்துக்கினே கீறேன்."

நான் தலையாட்டினேன். கல்லூரியில் ஒவ்வொரு நாளும் மற்றவர்களின் படிவங்களில் இருக்கும் தவறுகளைச் சிவப்பு மையில் வட்டமிடுகிறவள் நான். அன்றைக்குத் தலையாட்டிவிட்டு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் மருத்துவர் அண்ணியையும் வைத்துக்கொண்டு பேசினார். கணையத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது, அதில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, குழாய் போட்டு வடிக்க வேண்டும், பத்து நாள் ஆகும், இன்னொரு மூன்றரை லட்சம் வரும் என்றார். நல்ல மருத்துவர்தான். இப்போது போனால் ஆபத்து என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அன்றைய பில் இரண்டு லட்சத்து எண்பத்தோராயிரத்து நானூற்று அறுபது.

மருத்துவர் போனதும் அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். நடந்ததை அண்ணி எனக்குப் பலமுறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறாமல் சொல்கிறார்.

"மூணு கம்பெனி குடுக்கும். மீதி மூணரை யாரு குடுப்பா?"

"மனைய வித்துடலாம்யா. கெடக்குது கல்லும் முள்ளும்."

"உம்பேர்ல இருக்கறது அது ஒண்ணுதான். அத்த வித்துட்டு எங்க போயி நிப்ப?"

"நீ இருந்தா எங்கயாச்சும் நிப்பேன்."

"எங்கப்பா அப்படித்தான் ஊட்டுக்கு வந்தாரு. இன்னா ஆயிட்ச்சு? இருவது வருசம் இருந்தாரு."

அண்ணி அழுதிருக்கிறார். அப்போது அண்ணன் அவர் காதருகே குனிந்து, அந்தப் பழைய வேடிக்கையை இன்னொரு முறை சொல்லியிருக்கிறார். அப்படியே ஒன்று ஆனாலும் இருபது லட்சம் வரும், உனக்குப் பயமில்லை என்று. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

சொந்த விருப்பத்தின் பேரில் போகிறேன், எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பில்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டார். அதைப் போடுவதற்கு இரண்டு பேனா மாற்றிக் கொடுத்தார்களாம், ஒன்று எழுதவில்லை என்று. பணம் முழுவதையும் கட்டிய பிறகு கையிலிருந்த ஊசியைக் கழற்றினார்கள். வங்கியில் இன்னும் ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் இருந்தது. மூன்று லட்சத்தைத் தொடுவதற்கு வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய். இன்னும் ஒரு பகல், ஓர் இரவு அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் அது ஏறியிருக்கும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ரூபாயும் கம்பெனியுடையது. மனையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் கஞ்சி குடித்தார், தெருமுனை வரை நடந்தார். மூன்றாம் நாள் குளிர் ஜுரம். அண்ணி திரும்பக் கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சியதற்கு, நாளைக்கும் விடவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். ஐந்தாம் நாள் காலையில் பேச்சு குழறியது. அண்ணி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

குப்பத்துக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே ஒரு விஷயத்தை எல்லோரும் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். இருபது லட்சம். அது எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. அண்ணனே பெருமையாக யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்த ஒரு பெண், மூக்கைச் சிந்திவிட்டு, எப்போது வருமாம் என்று கேட்டாள். தூரத்து உறவுக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் படகு இஞ்சினுக்காக இரண்டு லட்சம் கைமாற்றாகக் கிடைக்குமா, பதினாறாம் நாளுக்குப் பிறகு தந்தால் போதும் என்றார். அண்ணனை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை.

ஸ்டீவன் மாலையோடு வந்தான். நல்ல பெரிய மாலை. காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றான். பில் எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். உச்சுக் கொட்டினான்.

"அண்ணன் அவசரப்பட்டுட்டாருக்கா. இன்னும் ஒரு இருவதாயிரம் ஏறியிருந்தா கம்பெனி எடுத்துக்கினு இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னான். இந்த முறை யார் முதலில், யார் பிறகு என்பதையும் சேர்த்துத் தெளிவாகச் சொன்னான். மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்ல முடியாதது அவனுக்கு இப்போது எவ்வளவு எளிதாக வந்தது. இருபது லட்சம் செத்தால் வருவதா என்று கேட்டேன். இல்லை, இது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும்தான், உயிருக்கு வேறு பாலிசி என்றான்.

"அப்ப அன்னிக்கு அவர் சொன்னப்ப நீ ஏன் சிரிச்ச?"

"ஜோக் அடிக்கறாருன்னு நெனச்சேங்க்கா. நீங்களும் சிரிச்சீங்களே."

அவன் சொன்னது உண்மை.

அண்ணியிடம் யார் சொல்வது என்று எனக்கு மூன்று நாள் தெரியவில்லை. இருபது லட்சம் வராது என்பது பெரிதில்லை. அண்ணி அதைக் கேட்கவே இல்லை. அந்தப் பதினெட்டாயிரத்தை எப்படிச் சொல்வது? கடைசியில் சொன்னேன். அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "அந்தத் துட்டு பேங்குலயே இருந்துச்சேம்மா" என்றார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

குப்பத்திலிருந்து கலியன் பதினைந்தாயிரத்தோடு மறுபடி வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க முடியாமல் போனதைச் சாவுக்காவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். அண்ணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த உறை அதே உறைதான், மஞ்சள் மங்கியிருந்தது.

ஆலையிலிருந்து ஒருவர் வந்து தலைக்கவசத்தையும் கிரேன் கூண்டின் சாவியையும் பெற்றுக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு அண்ணியிடமே கையெழுத்து வாங்கிப் போனார். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து அண்ணனின் கைப்பேசிக்கு வாரம் ஒரு செய்தி வருகிறது. தினமும் முப்பது நிமிடம் நடந்தால் இதயத்துக்கு நல்லது என்று ஒன்று. பாலிசியைப் புதுப்பிக்க இன்னும் நாற்பது நாள் இருக்கிறது என்று ஒன்று. கீழே ஸ்டீவனின் எண். அந்தச் செய்திகளை நான் அழிக்கிறேன், மறுபடி வருகின்றன.

இருபத்தெட்டுப் பக்கத்தையும் இப்போது படித்துவிட்டேன். ஒன்பதாம் பக்கத்தில், மூன்றாவது பத்தியில், அது இருக்கிறது. இரண்டே வரி. அதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு வரியைத் தமிழில் எழுதி எட்டுப் பிரதி எடுத்து, அண்ணனோடு வேலை பார்த்தவர்களில் ஸ்டீவனிடம் அதே பாலிசி எடுத்த எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். ஐந்து பேர் அண்ணனைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் எங்கள் ஏரிக்கரைக்காரர்கள். மற்றவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. காசு கட்டுகிறவன், தான் படுத்தால் முதலில் கம்பெனிக்காரர்கள் வருவார்கள் என்றுதானே நினைப்பான்.

நேற்று அண்ணி பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த அந்த இரண்டு நல்ல நாட்களில் அண்ணன் உட்கார்ந்து செய்த வேலை அது. செலவுத் தொகையைத் திரும்பக் கேட்கும் படிவம். பெயர், பாலிசி எண், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிரப்பியிருக்கிறார். கேட்கும் தொகை என்ற கட்டத்தில் இரண்டு லட்சத்து எண்பத்தோராயிரத்து நானூற்று அறுபது என்று எழுதி, கீழே எழுத்தாலும் எழுதியிருக்கிறார். மருந்துக் கடைச் சீட்டுகள் சிறியவை, தொலைந்துவிடும் என்று அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, ஒரு தாளுக்கு நான்காகப் பசை தடவி ஒட்டத் தொடங்கியிருக்கிறார். மொத்தம் நாற்பத்தொன்பது சீட்டுகள். முப்பத்திரண்டு ஒட்டியிருக்கின்றன. பதினேழு ரப்பர் வளையத்தில் கட்டியபடி இருக்கின்றன.